உயிரணு அக அயனிகளும் பொட்டாசிய வாய்க்கால்களின் மின்னழுத்த உணர்வும்

மின்னழுத்தத்தை உணரும் பொட்டாசிய வாய்க்கால் என்றவுடன், சவ்வின் மின்னழுத்தம் மாறப் புரதக் கதவு திறக்கும் அல்லது மூடும் என்னும் படிமமே மனத்தில் எழுகின்றது. கணவாயின் பருத்த நரம்பிழையை ஆய்ந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட கட்டுரைகள் இப்படிமத்திற்கு அடித்தளமிட்டன. நரம்பிழையின் வாய்க்கால்களுக்கு அது பொருந்தும். எனினும், வேறு சிலவற்றில் மின்னழுத்தத்திற்கு ஏற்ப அசைவது புரதம் அன்று. உயிரணுவின் உள்ளிருக்கும் அயனிகளே. இதனை விளக்குவதும், அவ்வாய்க்கால்களுக்கு ஏற்ற தமிழ்ச்சொல் யாதென வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கம். (தமிழகப் பாடநூல்கள் 'அயனி' என்பதை இலங்கைப் பாடநூல்கள் 'அயன்' என்கின்றன, இங்கு முன்னதே ஆளப்படுகின்றது.)

இதயத் தசை உயிரணுவை எடுத்துக்கொள்வோம். அதனுள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே 4 அளவே. ஓய்வு நிலையில், அதாவது −90 மில்லிவோல்ட்டை ஒட்டி, அதன் சவ்வில் ஒருவகைப் பொட்டாசிய வாய்க்கால் திறந்திருக்கின்றது. துடிப்பு தொடங்கி உட்புறம் நேர்மின்தன்மை அடைந்ததும் பொட்டாசியம் வெளியே பாய வேண்டும். ஆனால் இவ்வாய்க்காலில் பாய்ச்சல் பெரிதும் அடங்கிவிடுகின்றது. இத்தனைக்கும் இப்புரதத்தில் நரம்பிழை வாய்க்கால்களுக்குரிய மின்னழுத்த உணரி உறுப்பே இல்லை.

இப்புதிருக்கு 1987இல் விடை கிடைத்தது. சவ்வின் உட்புறத்திலிருந்து மக்னீசியத்தை நீக்கியபோது பொட்டாசியம் தடையின்றி வெளியேறியது. உட்புறம் நேர்மின்தன்மை பெறும்போது, அங்குள்ள மக்னீசிய அயனி வாய்க்காலின் துளைக்குள் தள்ளப்பட்டு, கடந்து செல்லவும் இயலாது அடைத்து நிற்கின்றது. மின்னழுத்தம் குறையும்போது வெளியிலிருந்து நுழையும் பொட்டாசியம் அதனை உள்ளே திருப்பித் தள்ளுகின்றது. 1994இல் மற்றோர் உண்மை தெரியவந்தது: ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின் ஆகிய பல்லமீன்கள் மக்னீசியத்தினும் வலிமையாக அடைக்கின்றன. ஸ்பெர்மின் நான்கு நேர்மின்னூட்டங்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு. துளையின் வடிவத்திற்கு அது நன்கு இயைகின்றது.

இவ்வடைப்பு இதயத்திற்கு இன்றியமையாதது. ஒவ்வொரு துடிப்பிலும் சவ்வு சில நூறு மில்லிநொடிகள் உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கின்றது. தசை சுருங்கத் தேவையான கால்சியம் அப்போதுதான் நுழைகின்றது. பொட்டாசியம் கட்டின்றி வெளியேறினால் அந்நிலை நீடிக்காது. துடிப்பின் இறுதியில் அடைப்பு நீங்க, அதே வாய்க்கால் சவ்வை ஓய்வு நிலைக்குக் கொணர்கின்றது.

இவ்வாய்க்காலின் ஆங்கிலப் பெயரை 'அலைதிருத்தி' என்னும் இயற்பியல் சொல்லின் வழியே பெயர்த்தால், மாணவர் எதனைத் திருத்துகின்றது எனத் தேடுவர். 'உள்நோக்கி எளிதில் கடத்தும் வாய்க்கால்' என்பது நீளமாயினும் நிகழ்வை உள்ளபடி கூறும். அதுபோன்றே 'அடைப்பு', 'மூடல்' என்னும் இரண்டையும் வேறுபடுத்துதல் வேண்டும். முன்னது துளையில் அயனி நிற்பது. பின்னது புரதம் தன் வடிவை மாற்றிக்கொள்வது.

அயனிகள் புரதத்தின் வடிவையே மாற்றும் இடமும் உண்டு. பெருங்கடத்துத் திறன் கொண்ட பொட்டாசிய வாய்க்காலில் மின்னழுத்த உணரியும் உள்ளது. உட்புறத்தில் கால்சியம் பற்றும் பகுதியும் உள்ளது. ஓய்விலுள்ள உயிரணுவில் கால்சியம் 0.1 மைக்ரோமோல் அளவே. அது பெருகிப் புரதத்தைப் பற்றும்போது, வாய்க்கால் திறப்பதற்குரிய மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட்டுக்கும் மேலாகக் கீழிறங்கக்கூடும். மில்லிமோல் அளவில் மக்னீசியமும் இவ்வாய்க்கால் திறக்கத் துணைபுரிகின்றது. இதயத்தில் துளையை அடைத்து நின்ற அதே மக்னீசியம்தான்.