மன்னார்க் கடலின் கடற்பசு

மன்னார் மாவட்டத்தின் அரிய உயிரினம் யாதென வினவினால், பெரும்பாலார் பூநாரையையே கூறுவர். மாரிக்காலத்தில் வங்காலைச் சதுப்பு நிலத்திலே அவை கூட்டங்கூட்டமாக நிற்பது கண்கொள்ளாக் காட்சிதான். அந்நிலம் 2008இல் சரணாலயமாயிற்று; 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஆயினும் பூநாரை பருவத்துக்கு வந்து போகும் விருந்தாளி. இக்கடலையே வீடாகக் கொண்ட வேறோர் உயிர் உண்டு. அதைக் கண்டவரோ மிகச் சிலர்.

அதுவே கடற்பசு. நம் மீனவர் கடற்பன்றி என்பர். தமிழகக் கரையிலே ஆவுளியா என்பர். பெயர் எதுவாயினும் அது மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்ப்பது. தரைவாழ் விலங்குகளில் அதன் நெருங்கிய உறவு யானையாகும். வளர்ந்த ஆணுக்குச் சிறு கொம்புபோல இரு முன்பற்கள் வெளிப்படுவதை அவ்வுறவின் அடையாளம் எனலாம். நீளம் 3 மீற்றர்வரையும், நிறை 400 கிலோ அளவும் வரும் இவ்வுடம்பு, கடற்புல்லையே உண்டு வாழ்கின்றது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் வேண்டும். புல்லை வேரோடு பிடுங்கி மேய்வதால், அது சென்ற வழி கடலடியில் உழவுசால்போலத் தெரியும். ஆழங்குறைந்த மன்னார்க் கரையோரத்துப் புற்றரைகள் அதற்கு மேய்ச்சல் நிலம்; இறாலுக்கும் ஓராமீனுக்கும் நண்டுக்கும் அவையே தொட்டில்.

இங்கே ஒரு வேடிக்கை. 1560ஆம் ஆண்டில் மன்னார்க் கரைக்கப்பால் கடல் மாந்தர் எழுவர் வலையில் அகப்பட்டனரென்றும், கோவாத் தேசாதிபதியின் வைத்தியர் அவர்களை அறுத்துப் பார்த்து, மனித உடலமைப்பே என்று முடிவுகூறினாரென்றும் ஒரு செய்தி உண்டு. எமேர்சன் தெனன்ட் அதைத் தம் நூலில் எடுத்துக் கூறி, அவை கடற்பசுக்களே என விளங்க வைத்தார். தாய்க்கு மார்பிலே, முன் துடுப்புகளின் அருகே, இரு முலைகள் இருப்பதால் இம்மயக்கம் பிறந்திருக்கலாம். வைத்தியரின் கண் எங்கே போயிற்றென்பது வேறு விடயம்!

இவ்விலங்கின் துன்பம் அதன் பெருக்கத்தின் மந்தத்திலே இருக்கின்றது. 70 ஆண்டுவரை வாழக்கூடியதாயினும், பெண் முதற்குட்டி ஈனப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். சூல் ஏறக்குறைய 14 மாதம். ஈனுவது ஒரே குட்டி. அது ஒன்றரை ஆண்டளவு தாயோடு திரியும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு தாய் இறந்தால், அவ்விடம் நிரம்ப எத்துணைக் காலம் வேண்டும் என்பதைக் கணக்கிற் பயின்ற மாணவரே சொல்லிவிடுவர்.

1970 முதல் இலங்கையில் அதைக் கொல்வது சட்டவிரோதம். கடலடியைச் சுரண்டிப் புற்றரையை அழிக்கும் இழுவைமடித் தொழிலையும் 2017இல் பாராளுமன்றம் தடைசெய்தது. எனினும் சட்டத்தை அறிந்த மீனவனின் வலையிலும் கடற்பசு தானாக வந்து சிக்குகின்றது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிடாவிட்டால், நீரில் வாழும் இவ்வுயிர் நீரிலேயே மூழ்கி இறந்துபோம். விடியலில் வலை இழுக்கும்போது பெரும்பாலும் பிணமே வருகின்றது.

உயிரோடு வந்தால் வலையை அறுத்து விட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் வகுப்பிலே கூறினேன். கரையோரத்துச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், வலையை அறுத்தால் அப்பாவுக்குப் புது வலை ஆர் வாங்கித் தருவினம்?" என்று கேட்டாள். அவள் தந்தை அவ்வாண்டு கடன்பட்டு வாங்கிய வலை அது. மணி அடித்தபின்னும் அவள் விடைக்காக என் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள்.