நடைபாதை விளிம்பில் இடித்த கார் நடுங்குவது ஏன்?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் கார் நிறுத்த இடம் தேடி ஒதுங்கும்போது முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் இடித்துவிடுவதுண்டு. அங்கே நெரிசலில் நகரும்வரை ஒன்றும் தெரியாது. கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகம் 80 கிலோமீட்டரைத் தொடும்போதுதான் ஸ்டீரிங் நடுங்கும்.

உடனே அலைன்மெண்ட் பார்க்கத்தான் பலரும் ஓடுகிறார்கள். அலைன்மெண்ட் கெட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீரிங் கோணலாக நிற்கும். நடுக்கம் பெரும்பாலும் அதனால் வருவதில்லை. ரிம் நெளிந்திருக்கலாம், அதில் ஒட்டியிருந்த சிறு எடைக்கட்டி கழன்று விழுந்திருக்கலாம். ரிம்மின் உள்விளிம்பு நெளிந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டீரிங்கில் நடுக்கம் என்றால் முன்சக்கரம், இருக்கையில் என்றால் பின்சக்கரம் என்பது பொதுவான கணக்கு. நடுக்கத்தோடு இழுப்பும் சேர்ந்தால் டை ராட் வளைந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

எடைக்கட்டி மாற்றச் செலவு சொற்பம். டயரின் பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் கதை வேறு. உள்ளே இழைகள் அறுந்திருக்கும். ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, ஓடும்போதே வெடிக்கலாம். நடுக்கமே இல்லாவிட்டாலும் அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. ஸ்பேர் டயரை அங்கேயே மாட்டிக்கொண்டு மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம்.