கூகுளை வளர்த்தார் சரி, புதுசா என்ன செஞ்சார்? சுந்தர் பிச்சையின் மார்க் ஷீட்

கூகுள் பற்றி ஒரு நல்ல செய்தி வந்தால் போதும், 'நம்ம ஊர்க்காரர்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நிரம்பிவிடும். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைக்கு மார்க் போடுவது நமக்குக் கொஞ்சம் சங்கடம்தான். இருந்தாலும் போட்டுப் பார்ப்போம்.

வளர்ச்சியில் பெரிய வாக்குவாதம் இல்லை. அவர் கூகுள் சிஇஓ ஆன 2015இல், தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் ஆண்டு வருவாய் சுமார் 7,500 கோடி டாலர். 2024இல் 35,000 கோடி டாலர். அதைவிட முக்கியம், 2015இல் 100 டாலர் வந்தால் அதில் 90 டாலர் விளம்பரக் காசு. 2024இல் அது 75 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. க்ளவுட் பிசினஸ் வளர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

பிரச்சினை புதுமையில்தான். 2016இலேயே 'இனி ஏஐதான் முதல்' என்று அறிவித்தவர் பிச்சை. மறு வருடமே கூகுள் ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாட்ஜிபிடி என்ற பெயரின் கடைசி 'டி' அதுதான்! ரெசிபி எழுதியது கூகுள், ஹோட்டல் திறந்தது ஓப்பன்ஏஐ. கட்டுரை எழுதிய எட்டுப் பேரும் பிறகு கூகுளை விட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் 2024இல் திரும்பி வந்தார்.

2021இல் லாம்டா என்ற சாட்பாட்டை கூகுள் மேடையில் காட்டியது. ஆனால் மக்கள் கையில் கொடுக்கவில்லை. ஏன்? பதில் நேரடியாகக் கிடைத்துவிட்டால், தேடல் பக்கத்தில் இருக்கும் விளம்பரத்தை யார் கிளிக் செய்வார்கள்? என்னைக் கேட்டால், வளர்ச்சியே புதுமைக்குக் குறுக்கே நின்ற இடம் இது.

தயக்கத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் அவசரமாக அறிவித்த பார்ட், விளம்பரத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றித் தப்பாகச் சொன்னது. ஒரே நாளில் ஆல்பபெட்டின் சந்தை மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலர் காலி.

சரி, 2024இல் டீப்மைண்ட் விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த வேதியியல் நோபல்? அந்த நிறுவனத்தை கூகுள் வாங்கியது 2014இல், லாரி பேஜ் காலத்தில். ஆனால் பல வருடம் காசு கொடுத்து ஆராய்ச்சியை நடக்கவிட்டது பிச்சை. பாதி மார்க் தரலாம்.

கண்டுபிடிப்பது ஆய்வாளர் வேலை. கல்லா கட்டும் பொருளுக்கே போட்டியாக வரக்கூடியதை வெளியே விடுவதா என்று முடிவெடுப்பதுதான் சிஇஓ வேலை. இப்போது கூகுளில் தேடினால் லிங்க்குகளுக்கு மேலே ஏஐ பதில் வருகிறதே, அந்த ரிஸ்க்கை அமெரிக்காவில் எல்லோருக்குமாக அவர் எடுத்தது 2024 மே மாதம். சாட்ஜிபிடி வந்து ஒன்றரை வருடம் கழித்து.