பைத்தான் தெளிந்தால் கல்யாணம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி ஆறு. ராத்திரி பத்துக்கு ஊருக்கு பஸ். மறுநாள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். இந்த நேரம் பார்த்து, கஸ்டமர் ஆபீஸ் சர்வரில் என் புரோகிராம் ஓட மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்கு வேண்டிய லைப்ரரிகள் அங்கே இல்லை. போடலாமென்றால் 'பிப்' இல்லை!

பிப் என்பது பைத்தான் மொழியின் எடுபிடி. 2008-ல் இயன் பிக்கிங் எழுதியது. கேட்ட லைப்ரரியைத் தேடிக் கொண்டுவந்து மாட்டும். 2014-ல் வந்த பைத்தான் 3.4-லிருந்து கூடவே வருகிறது. ஆனால் சில லினக்ஸ்களில் அதைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறார்கள். சரி, லைப்ரரி போட பிப் வேண்டும். பிப்பும் ஒரு லைப்ரரிதானே, அதை எது போடும்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்!

அந்த சர்வருக்கு இன்டர்நெட்டும் கிடையாது. சிஸ்டம் அட்மின் பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தம்பி, சிஸ்டத்துல கை வைக்காதீங்க. உங்க ஃபோல்டருக்குள்ள என்ன வேணா பண்ணிக்குங்க."

நண்பனுக்கு போன் போட்டேன். "பிப் டாட் பிஒய்இஸட்னு ஒரே ஒரு ஃபைல் இருக்குடா. லைப்ரரிகளையும் சேர்த்து பென்டிரைவ்ல எடுத்துட்டு வரேன்" என்றான்.

பிப்காரர்கள் 2022-ல் வெளியிட்ட சங்கதி இது. சுமார் 2 எம்பி. பிரித்துப் பார்த்தால் வெறும் ஜிப் ஃபைல்! பிப்பும் அதற்கு வேண்டிய சில்லறை லைப்ரரிகளும் உள்ளே. ஜிப்பைப் பிரிக்காமலே ஓட்ட, 2008-ல் வந்த 2.6-லிருந்தே பைத்தானுக்குத் தெரியும். உள்ளே 'மெயின்' என்ற ஃபைல் இருந்தால் போதும். இன்னொரு வேடிக்கை: ஜிப்புக்குப் பொருளடக்கம் கடைசியில். அதனால் முதல் வரியில், 'இதை பைத்தானிடம் கொடு' என்று லினக்ஸுக்கு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டலாம். லினக்ஸ் முன்னாலிருந்து படிக்கும், பைத்தான் பின்னாலிருந்து. சண்டையே இல்லை. இப்படிக் கட்டுவதற்கென்றே 2015-ல் பைத்தான் 3.5 'ஜிப்ஆப்' என்ற கருவியைக் கொடுத்தது.

எல்லாவற்றையும் இப்படிக் கட்டிவிட முடியாது. சி மொழியில் செய்த லைப்ரரிகள் ஜிப்புக்குள்ளிருந்து ஓடாது. பிப் முழுக்க பைத்தானிலேயே இருப்பதால் தப்பித்தது. அப்புறம், மெஷினில் பைத்தான் இருந்தே ஆகவேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். வயிற்றையுமா கட்டிக்கொண்டு போக முடியும்?

எட்டரைக்கு நண்பன் வந்தான். பெரியவர் பென்டிரைவை வைரஸ் சோதனை போட்டுக் கொடுத்தார். 'நெட்டுக்குப் போகாதே, பென்டிரைவில் தேடு. என் ஃபோல்டரில் போடு' என்று ஒரே ஒரு கட்டளை. இரண்டு நிமிஷத்தில் என் புரோகிராம் சாதுவாக ஓடியது.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பெரியவர் கூப்பிட்டார். போச்சுடா என்று திரும்பினேன்.

"தம்பி, அந்த ஒரு ஃபைலை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போங்க!"