நிறுத்திய பிறகும் ஓடும் இயந்திரம்

அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டரில் அடைப்பு ஏற்பட்டால் முதலில் செய்வது சுவிட்சை நிறுத்துவது. மோட்டர் அடங்கிவிடும். ஆனால் வாரின் ஒரு பக்கத்து வாளிகளில் நெல் நிறைந்திருக்கும், மறுபக்கத்து வாளிகள் வெறுமையாக இருக்கும். அடைப்பு இருக்கும்வரை வார் அசையாது. அடிப்பெட்டியைத் திறந்து யாராவது கையால் அடைப்பை இழுத்தெடுத்த கணமே பாரமான பக்கம் கீழிறங்கும், வார் பின்னோக்கி ஓடும். பின்னோட்டத்தைத் தடுக்கும் பிரேக் இல்லாவிட்டாலோ தேய்ந்திருந்தாலோ அந்தக் கையின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் மோட்டருக்கு மின்சாரமே போகவில்லை. கையை இழுத்தது நெல்லின் பாரம்.

திருத்தவேலைக்காக நிறுத்திய இயந்திரத்துக்குள் இப்படித் தங்கியிருக்கும் சக்தியைத் தேடி, வெளியேற்றி, மீண்டும் உள்ளே வராதபடி பூட்டிவைப்பது இன்று ஒரு தனித் தொழில். வளைகுடா நாட்டு எண்ணெய், எரிவாயு ஆலைகளில் வேலைசெய்து திரும்பிய மட்டக்களப்பு இளைஞர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் இதை ‘லோட்டோ’ என்பார்கள். பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை கட்டிவிட்டு வேலையைத் தொடங்கும் முறை அது. ஊரில் இதைச் செய்பவருக்குப் பெரும்பாலும் தனிப் பதவி கிடையாது. எலெக்ட்ரீஷியன், பிற்றர், பொயிலர் ஓட்டுபவர் என்று ஆளாளுக்கு ஒரு துண்டு தெரியும். முழுவதும் தெரிந்தவர் அரிது.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றிப் பார்த்தால் இந்தத் துண்டுகள் எல்லாம் கிடக்கின்றன. படுவான்கரை வயல்களின் நெல் எழுவான்கரை ஆலைகளுக்கு வருகிறது. அங்கே நெல்லை அவிக்கும் பொயிலர் உமியில் எரிகிறது. உமி அள்ளிப் போடுவதை நிறுத்தினாலும் உள்ளே கிடக்கும் தணல் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லீற்றர் இடம் கேட்கும். ஆகவே ஆவிக்குழாயின் வால்வை மூடினால் மட்டும் போதாது. மூடிய வால்வுக்கும் வேலைசெய்யும் இடத்துக்கும் நடுவே தங்கிய ஆவியையும் திறந்துவிட வேண்டும். அழுத்தமானியின் முள் பூச்சியத்துக்கு வந்தாலும் முள் பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்.

மீன்பிடிக் கரைகளின் ஐஸ் தொழிற்சாலைகளில் கதை வேறு. கட்டி ஐஸ் செய்யும் பெரிய ஆலைகளில் குளிர் தருவது பெரும்பாலும் அமோனியா. திரவ அமோனியா சாதாரண அழுத்தத்தில் மறை 33 பாகையிலேயே கொதித்துவிடும். அறை வெப்பத்தில் அதைத் திரவமாக வைத்திருப்பது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் மட்டுமே. இங்கே ‘எல்லா வால்வையும் மூடு’ என்ற நல்லெண்ணமே ஆபத்தாகலாம். இரண்டு வால்வுகளுக்கு நடுவே குழாய் நிறையத் திரவம் சிறைப்பட்டுவிட்டால், வெயில் ஏற ஏற அது விரியும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால் குழாய் வெடிக்கும். எதை மூடுவது என்பதைவிட எந்த ஒழுங்கில் மூடுவது, மூடுமுன் எங்கே வடித்து எடுப்பது என்பதே இங்கு கேள்வி. அமோனியாவின் நெடி மூக்கில் சீக்கிரம் ஏறிவிடும் என்பது ஒரு சிறு கொடை. உயிராபத்தான அளவு வருமுன்பே எரிச்சல் ஆளைத் துரத்திவிடும், ஓட வழி இருந்தால். தொட்டிக்குள் இறங்கியவருக்கு அந்த வழி இல்லை. 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதி ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் அமோனியாத் தொட்டியில் விழுந்தவரைத் தூக்கப்போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

வாழைச்சேனைக் காகித ஆலையைச் சொல்லாமல் விடமுடியாது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தோடு பேசப்படும் ஆலை அது. அதன் முக்கிய மூலப்பொருளாக இருந்தது வயலில் மிஞ்சும் வைக்கோல். வைக்கோலை இரசாயனத்தோடு ஆவியில் வேகவைக்கும் கலன், ஈரக் காகிதத்தை நசுக்கும் உருளைகள், உலர்த்தும் சூடான உருளைகள், கூழைத் தள்ளும் பம்புகள் என்று மின்சாரம், ஆவி, இரசாயனம், சுழல் விசை நான்கும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த இடம் மாவட்டத்தில் வேறு இருந்ததா என்பது சந்தேகம். பாரமான உருளை மின்சாரம் நின்ற பின்னும் சுழன்றுகொண்டே இருக்கும். அது ஓயும்வரை காத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலைதான்.

எல்லாவற்றிலும் மோசமான ஏமாற்று மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ‘கரண்ட் இல்லை’ என்பது மின்சார சபையின் நிலைமை, உங்கள் ஆலையின் நிலைமை அல்ல. சுவிட்ச் ‘ஓன்’ நிலையிலேயே கிடந்தால், லைன் திரும்பி வரும் நொடியில் மோட்டர் ஓடலாம். போதாக்குறைக்கு ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், மெயினை இறக்கினாலும் வெயில் இருக்கும்வரை தகடுகளிலிருந்து இறங்கும் வயர்களில் மின்னழுத்தம் நிற்கும். வெயிலுக்குச் சுவிட்ச் இல்லை. மின்சுற்றில் உள்ள கெப்பாசிட்டர்களும் சிறிது நேரம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு நவீன ஆலையில் மின்சாரம் வரும் வாசல் ஒன்று என்று நினைப்பவர் மற்ற வாசல்களை எண்ணவில்லை என்றுதான் அர்த்தம்.

வேலை நடக்கும் ஒழுங்கைப் பார்ப்போம். முதலில் எல்லோருக்கும் அறிவித்து, இயந்திரத்தை முறைப்படி நிறுத்துவார்கள். பிறகு ஒவ்வொரு சக்தி வாசலையும் பிரித்து, பிரேக்கரின் கைப்பிடியிலும் வால்விலும் பூட்டுப் போடுவார்கள். ஒருவருக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கும். நான்கு பேர் வேலைசெய்தால், பல பூட்டுகள் கோக்கும் கவ்வியில் நான்கு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை பிரேக்கர் அசையாது. பூட்டோடு கட்டும் அட்டையில் பெயரும் காரணமும் இருக்கும். அட்டை பேசத்தான் செய்யும், தடுக்காது, தடுப்பது பூட்டு.

பூட்டிய பிறகும் கை வைப்பதில்லை. மிஞ்சிய ஆவி, காற்றழுத்தம், தூக்கிய பாரம், இழுபட்ட ஸ்பிரிங் எல்லாம் இறக்கப்பட வேண்டும். அதன்பின் சோதனை. மின் சோதனைக் கருவியை முதலில் உயிருள்ள லைனில் வைத்து அது வேலைசெய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்து இறந்திருப்பதை உறுதிசெய்து, மீண்டும் உயிருள்ள லைனில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த மூன்றாவது தடவையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இடையில் கருவியே செத்துப்போயிருந்தால் உயிருள்ள வயரும் இறந்ததாகக் காட்டும். நியோன் விளக்கு வைத்த ஸ்க்ரூட்ரைவர் டெஸ்டரை நம்பி இந்தச் சோதனை செய்யக்கூடாது.

தகவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வடகடல் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடைதான் பாடம். 1988 ஜூலை 6ஆம் திகதி, ஒரு பம்பின் அழுத்த நிவாரண வால்வைத் திருத்தக் கழற்றி, அந்த வாயைத் தட்டு ஒன்றால் மூடிவைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்து ஆட்கள் மாறியபோது இந்தச் செய்தி சரியாகக் கை மாறவில்லை. இரவு மற்றப் பம்பு நின்றதும், கழற்றப்பட்டதை அறியாதவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். கசிந்த எரிபொருள் பற்றிக்கொண்டது. 167 பேர் இறந்தார்கள். அனுமதிச் சீட்டை எழுதுவது, மாறும் ஆளிடம் நேரில் ஒப்படைப்பது எல்லாம் இந்தத் தொழிலின் பாதி என்று அதற்குப் பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா அடுத்த ஆண்டே, 1989இல், திருத்தவேலையின் போதான பூட்டுமுறையைத் தனி விதியாக வெளியிட்டது.

இலங்கையில் இதற்கான சட்ட வேர் 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். இயந்திரங்களுக்கு வேலி, பொயிலர்களுக்குப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளர்கள் அதை நடைமுறைப்படுத்துகிறார்கள். 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் உருவானது. அது பயிற்சிகள் நடத்துகிறது. உலகப் போர்க்காலத்தில் எழுதிய சட்டம் ஜெனரேட்டரும் சூரியத் தகடும் ஒரே கூரையில் இருக்கும் ஆலையைக் கற்பனை செய்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது ஆலையே எழுதிக்கொள்ளும் நடைமுறைதான்.

அந்த நடைமுறையை எழுதுபவரே இத்தொழிலின் மேல்படி. தொடக்கப்படி எளியது. மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ தேசிய தொழிற்பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையான நைட்டாவின் தொழிற்பயிலுநர் வழியிலோ மின், இயந்திரத் திருத்தத்தில் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ) சான்றிதழ் எடுக்கலாம்; நான்காம் நிலைவரை கைவினைஞர் தரம், ஐந்தும் ஆறும் டிப்ளோமா. அதற்குமேல் பாதுகாப்புப் படிப்பு. ஆனால் படித்ததைவிட நடந்து பார்த்தது உதவும்: குழாயைக் கையால் தொடர்ந்துபோய் அது எங்கே முடிகிறது என்று பார்ப்பது, வரைபடத்தில் இல்லாத இணைப்பைக் கண்டுபிடிப்பது. எழுதும் நடைமுறை அதைக் கையில் பிடிப்பவரின் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சுவரில் ஒட்டிய தாளை யாரும் வாசிப்பதில்லை.

இந்த வேலையில் சம்பளத்தோடு சேர்ந்து வருவது நெருக்கடி. அறுவடைக் காலத்தில் ஆலை வாசலில் நெல் லொறிகள் வரிசையாக நிற்கும். பூட்டுப் போட்டவர் அதைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போயிருப்பார். வெட்டி எறி என்று மேலிருந்து சத்தம் வரும். அப்போது செய்யவேண்டியது நடைமுறையில் எழுதப்பட்டிருக்கிறது: அவர் வளாகத்தில் இல்லை என்பதை நேரில் தேடி உறுதிசெய்ய வேண்டும், அவரைத் தொலைபேசியில் பிடிக்க முயல வேண்டும், இயந்திரத்துக்குள் யாரும் இல்லையென்று பார்த்து, பொறுப்பாளர் கையொப்பமிட்ட பிறகே பூட்டை வெட்ட வேண்டும். மறுநாள் அவர் வேலையைத் தொடங்குமுன், அவருடைய பூட்டு அங்கே இல்லை என்பதை அவரிடமே சொல்ல வேண்டும்.