‘ஹி ரேன் இன்’: மூன்று சொல்லில் ஒரு பயணம்

‘ஹி ரேன் இன்.’ ஆங்கிலத்தில் மூன்றே சொல். இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அவன் உள்ளே ஓடி வந்தான்’ என்பீர்களா, ‘உள்ளே ஓடிப் போனான்’ என்பீர்களா?

ரெண்டும் சரிதான், ஆனால் ரெண்டும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தில் சொல்பவர் உள்ளே இருக்கிறார், அடுத்ததில் வெளியே நிற்கிறார். ஆங்கில வாக்கியமோ அவர் எங்கே நிற்கிறார் என்று வாயே திறக்கவில்லை. மொழிபெயர்ப்பவர்தான் முன்பின் வாக்கியங்களைப் படித்து முடிவெடுக்க வேண்டும். கதையிலும் சரி, சினிமா சப்டைட்டிலிலும் சரி, இந்த முடிவு தப்பினால் கேமரா தப்பான பக்கத்துக்குப் போய்விடும்.

இது ஏன் இப்படி என்று தோண்டினால் கொஞ்சம் சுவாரஸ்யமான விஷயங்கள் கிடைக்கின்றன.

ஓர் இடத்தை நோக்கிய அசைவில் குறைந்தது மூணு தகவல் இருக்கிறது. ஒன்று, பாதை: உள்ளேயா, வெளியேயா, மேலேயா, குறுக்கேயா. ரெண்டு, விதம்: நடந்தா, ஓடியா, தவழ்ந்தா, நொண்டியா. மூணு, பார்வை: பேசுபவர் பக்கமா, அவரை விட்டு விலகியா. எல்லா மொழியும் இந்த மூன்றையும் சொல்ல முடியும். எதை எந்தச் சொல்லில் வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இதை வைத்து மொழிகளைப் பிரித்தார். ஒரு வகை மொழிகளில் பாதை வினைச்சொல்லிலேயே இருக்கும். ஸ்பானிஷில் பாட்டில் ‘மிதந்தபடி குகைக்குள் நுழைந்தது’ என்பார்கள். நுழைவதுதான் முக்கிய வினை, மிதப்பது கூடவே வரும் சேதி. இன்னொரு வகையில் வினை விதத்தைச் சொல்லும், பாதையைப் பக்கத்தில் ஒட்டிய ஒரு குட்டிச் சொல் சொல்லும். ஆங்கிலத்தில் பாட்டில் ‘ஃப்ளோட்டட் இன்டு த கேவ்’. இந்தக் குட்டிச் சொற்களுக்கு டால்மி வைத்த பெயர் ‘சாட்டிலைட்’, அதாவது வினையைச் சுற்றும் துணைக்கோள். ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் எல்லாம் இந்தக் கட்சி. ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளோடு தமிழையும் அவர் முதல் கட்சியில் சேர்த்திருக்கிறார். நுழை, ஏறு, இறங்கு, கட, சேர், திரும்பு என்று பாதையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் வினைகள் நம்மிடம் நிறைய.

ஆங்கிலத்திலும் ‘என்டர்’, ‘டிசெண்ட்’, ‘அரைவ்’ இருக்கிறதே என்று கேட்கலாம். அவை பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த விருந்தாளிகள். அதனால்தான் ‘ப்ளீஸ் என்டர்’ போர்டில் எழுதுகிற மாதிரி இருக்கிறது, ‘கம் இன்’ வீட்டில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ‘அரைவ்’ லத்தீனில் கரை என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது. கரை சேர்வதுதான் முதலில் ‘அரைவ்’.

பாதையைத் துணைக்கோளிடம் கொடுத்துவிட்டதால் ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் இடம் காலி. அங்கே எதை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். ‘லிம்ப்ட் இன்’ என்றால் நொண்டிக்கொண்டு வந்தான். ‘ஸ்னீக்ட் இன்’ என்றால் யாருக்கும் தெரியாமல் நுழைந்தான். சத்தத்தைக்கூட வினையாக்கலாம்: ரயில் ‘ரம்பிள்ட் இன்டு த ஸ்டேஷன்’. தமிழில் ‘ரயில் தடதடவென்று ஸ்டேஷனுக்குள் வந்தது’. நமக்கு அந்த வேலையை ‘தடதட’ செய்கிறது. ஆங்கிலம் வினையில் வைக்கும் விதத்தை நாம் விறுவிறு, குடுகுடு, சரசர போன்ற ஒலிக்குறிப்புச் சொற்களில் வைத்திருக்கிறோம். சரக்கு குறைவில்லை, அலமாரிதான் வேறு.

இனி அந்தக் குட்டிச் சொற்கள். ‘டு’ என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று. ‘டுவர்ட்ஸ்’ என்றால் அந்தத் திசையில் போனான், சேர்ந்தானா தெரியாது. ‘அட்’ வந்தால் அந்த இடமோ ஆளோ குறி ஆகிவிடும். பந்தை ‘த்ரோ டு மி’ என்றால் நான் பிடிக்க, ‘த்ரோ அட் மி’ என்றால் என்னை அடிக்க. ‘அப் டு’ மேலே போவதல்ல, கிட்டே நெருங்குவது: ‘ஹி வாக்ட் அப் டு மி’. ‘கம் ஓவர்’ என்றால் நடுவில் இருக்கும் தூரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வா என்ற சகஜமான அழைப்பு.

‘அப்’புக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிரிட்டனில் லண்டனுக்குப் போவது ‘அப்’. வடக்கே இருந்து வந்தாலும், ரயில் பாஷையில் லண்டன் பக்கம் போகும் தண்டவாளம் ‘அப் லைன்’தான். நம்மூர் ரயில்வேயிலும் அப், டவுன் இருக்கிறதே, அது அங்கிருந்து வந்த வழக்கம்தான். ஆக்ஸ்போர்டில் மாணவனைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கினால் ‘சென்ட் டவுன்’. மரியாதை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ‘மேலே’.

மூணாவது தகவலான பார்வைக்கு ஆங்கிலத்தில் ‘கம்’, ‘கோ’. இதை விரிவாக அலசியவர் சார்ல்ஸ் ஃபில்மோர். 1971-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸில் அவர் ஆற்றிய உரைகள் மொழியியலில் பிரபலம். ‘கம்’ என்பது பேசுபவரின் இடத்துக்கு மட்டுமல்ல, கேட்பவரின் இடத்துக்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். அம்மா கூப்பிட்டால் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கமிங்’, தமிழில் ‘இதோ வரேன்’. ஸ்பானிஷ்காரரும் ஜப்பானியரும் அதே இடத்தில் ‘போறேன்’ என்கிறார்கள்! கேட்பவரின் இடத்தை ‘வருகை’யாகப் பார்ப்பது உலகப் பொதுவழக்கம் இல்லை.

இந்த விதி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கையும் எடுத்துக்கொண்டு, வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற ரெண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறார். ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’. தா, கொடு வித்தியாசம் இன்றைய பேச்சில் மங்கிவிட்டது. வா, போ வித்தியாசம் அப்படியே நிற்கிறது. அதனால் ‘கம்’, ‘கோ’ விஷயத்தில் தமிழருக்குப் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. ‘பிரிங்’ கொண்டு வா, ‘டேக்’ கொண்டு போ. அவ்வளவுதான்.

நமக்கு இடிக்கும் இடம் வேறு. ‘கோ டு ஹோம்’, ‘கோ டு அப்ராட்’ என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காரணம் ‘க்கு’. வீட்டுக்கு, வெளிநாட்டுக்கு என்று நாம் வேற்றுமை உருபு போடுகிறோம், அந்த ‘க்கு’தான் ‘டு’ ஆகிறது. ஆனால் இந்த இடங்களில் ‘ஹோம்’, ‘அப்ராட்’, ‘தேர்’, ‘அப்ஸ்டேர்ஸ்’ எல்லாம் பெயர்ச்சொற்கள் அல்ல, ‘எங்கே’ என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்பவை. தமிழிலும் ‘அங்க போ’ என்கிறோம், ‘அங்கக்கு போ’ என்பதில்லை. ‘ஹோம்’ஐ ‘அங்க’ பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் தப்பு வராது.

‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று நூற்றுக்கணக்கில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ‘கிவ் அப்’, ‘புட் அப் வித்’ மாதிரி சிலதுக்கு வேறு வழியில்லை. ஆனால் இடத்தை நோக்கிய அசைவில் மனப்பாடத்துக்கு வேலை குறைவு. பத்துப் பதினைந்து துணைக்கோள்களின் குணம் பிடிபட்டால் போதும், வினையை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். இங்கிலீஷ் மீடியம் படிக்காததால் இதெல்லாம் நமக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பாதி விதி அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.