நாய்க்குட்டி எவ்வளவு தூங்கும்?

எட்டு வார வயதில் தாயைப் பிரிந்து புது வீட்டுக்கு வரும் நாய்க்குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். விழித்திருப்பது மொத்தமாக நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். அதுவும் சேர்ந்தாற்போல் இல்லை. அரை மணி, முக்கால் மணி என்று துண்டு துண்டாக வரும். குட்டி வந்த முதல் வாரத்திலேயே, எந்நேரமும் படுத்துக் கிடக்கிறதே என்று பயந்து கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் குட்டிக்கு ஒன்றும் இருக்காது. நன்றாகத் தின்று, விழித்திருக்கும் கொஞ்ச நேரமும் துள்ளி விளையாடும் குட்டி, மீதி நேரம் முழுக்கத் தூங்கினால் அது இயல்புதான்.

அன்று பிறந்த குட்டி இதையும் மிஞ்சும். முதல் இரண்டு வாரம் அதற்குப் பால் குடிப்பதையும் தூங்குவதையும் தவிர வேறு வேலை கிடையாது. நாளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தூக்கத்திலேயே போய்விடும். கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். காது கேட்கத் தொடங்குவது அதற்கும் பிறகுதான். உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளவும் அந்த வயதில் முடியாது. அதனால்தான் ஓர் ஈற்றுக் குட்டிகள் எல்லாம் தாயின் வயிற்றை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலைச் சற்று நேரம் கவனித்தால், எங்காவது ஒரு கால் வெட்டி இழுக்கும். பால் குடிப்பதுபோல் ஒரு வாய் சப்பும். ஒன்று தூக்கத்திலேயே மெல்ல முனகும். இது வலிப்பு அல்ல. மூடிய இமைக்குள் விழிகள் உருளும் இந்தத் தூக்கத்தில் மூளை சுறுசுறுப்பாகவே இருக்கும். வளர்ந்த நாய்க்கு அந்நேரம் மூளைத்தண்டு தசைகளை அடக்கி வைத்திருக்கும். குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் முதிராததால் துடிப்பு வெளியே தெரிகிறது. பாவம், கெட்ட கனவு போலிருக்கிறது என்று தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

தூக்கம் இல்லாவிட்டால் குட்டிக்கு என்ன ஆகும் என்று காட்டிய முதல் ஆய்வு கொடூரமானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய மருத்துவர் மரியா மனாசெயினா, சில மாத வயதுள்ள 10 குட்டிகளைத் தூங்க விடாமல் விழித்திருக்க வைத்தார். தீனியிலும் கவனிப்பிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் நான்கைந்து நாள் தூக்கம் கெட்ட குட்டிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வெறும் பட்டினி கிடந்த நாய்களோ 20 நாள் வரைகூடத் தாக்குப்பிடித்தன. 1894இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு, தூக்கம் என்பது மூளை சும்மா இருக்கும் நேரம் என்ற அக்கால எண்ணத்தை அசைத்துவிட்டது. இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நாகரிக நாட்டிலும் அனுமதி கிடைக்காது.

குட்டியின் எலும்பும் தசையும் வளர்வதற்கான வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. நோய் எதிர்ப்பும் தூக்கத்தை நம்பியே இருக்கிறது. தடுப்பூசி போட்ட அன்று குட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூங்குவதை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கற்றதும் தூக்கத்தில்தான் படிகிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தார்கள். ஹங்கேரிய மொழியில் உட்காரவும் படுக்கவும் பழகிய வீட்டு நாய்களுக்கு அதே கட்டளைகளை ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்து, தலையில் மின்முனைகளை ஒட்டித் தூங்க வைத்தார்கள். தூக்கத்தின் மின்பதிவு மாறியிருந்தது. எழுந்த பின் நாய்கள் புதுக் கட்டளைகளை இன்னும் நன்றாகச் செய்தன. வளர்ந்த நாய்க்கே இப்படியென்றால், பார்க்கும் பொருள், கேட்கும் ஓசை எல்லாமே புதிதாக இருக்கும் குட்டிக்கு எவ்வளவு தூக்கம் தேவைப்படும்!

வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது தூக்கம் போதாத குட்டியின் நடத்தைதான். பொழுது சாய்ந்ததும் அது வெறிபிடித்ததுபோல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். சேலைத் தலைப்பை இழுக்கும், கணுக்காலைக் கடிக்கும், சொன்ன பேச்சு எதையும் கேட்காது. தெம்பு மிச்சமிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் அடங்கிவிடும் என்று பந்தை எடுத்து எறிவார்கள். குட்டி மேலும் முரண்டு பிடிக்கும். பகலில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் வந்துபோன விருந்தாளிகளும் மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சியதில் அதன் தூக்கம் போயிருக்கும். விளக்கைக் குறைத்து, ஒதுக்கிடத்தில் விட்டு, யாரும் கிட்டே போகாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் உறங்கிவிடும். கடிக்கிறது என்று மூக்கில் அடிப்பதைவிட இது பலன் தரும்.

ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலைதான் படுக்கைக்கு ஏற்றது. கூண்டு வைப்பவர்கள் அதன் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே தீனி போட்டு, குட்டியே விரும்பிப் போகும்படி பழக்க வேண்டும். கோடையில் மெத்தையை விட்டுவிட்டுச் சிமென்ட் தரையில் வயிறு பட நீட்டிப் படுத்தால் அப்படியே விட்டுவிடலாம். வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க நாயால் முடியாது. தூங்கும் குட்டியைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். எழுந்தவுடன் நேராக வெளியே கொண்டுபோனால், தரை நனைவதும் குறையும்.

முதல் சில இரவுகள்தான் சிரமம். அதுவரை கூடப்பிறந்த குட்டிகளின் சூட்டில் உறங்கியது, திடீரென்று தனியே விடப்பட்டால் அழத்தான் செய்யும். படுக்கையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, ஆள் இருப்பது தெரியும்படி வைத்தால் அழுகை சீக்கிரம் குறையும்; பழகிய பிறகு சிறிது சிறிதாகத் தள்ளிப் போடலாம். சிறுநீர்ப்பையும் சிறியது. வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அடக்கும் திறனின் உத்தேச எல்லை. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆகவே இரவில் ஓரிரு முறை எழுந்தாக வேண்டும். விளக்கையெல்லாம் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், வேலை முடிந்ததும் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். அப்போது விளையாட்டுக் காட்டினால் மறுநாளும் அதே நேரத்துக்கு எழுப்பும்.

நான்கைந்து மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் இரவு முழுக்கத் தூங்கும். பகல் தூக்கமும் மெல்லக் குறைந்து, ஒரு வயதை ஒட்டி நாளுக்கு 12 முதல் 14 மணி நேரத்தில் வந்து நிற்கும். பெரிய இன நாய்கள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும்.

தூக்கத்தையும் சோர்வையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தூங்கி எழுந்த குட்டி சோம்பல் முறித்து, வாலை ஆட்டி, தட்டைத் தேடும். எழுப்பியும் எழாமல், தீனியை முகர்ந்தும் பார்க்காமல் கிடந்தால், கூடவே வாந்தியோ ரத்தக் கழிச்சலோ இருந்தால், பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிவாவா, பொமரேனியன் போன்ற சின்னஞ்சிறு இனக் குட்டிகள் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடலாம்.

அரிதாக இன்னொன்றும் உண்டு. சில டாபர்மேன், லாப்ரடார் குட்டிகள் தீனித் தட்டைக் கண்ட மகிழ்ச்சியில் கால் மடங்கிச் சரிந்து விழும். சில நொடிகளில் எழுந்து மறுபடி தின்னப் போகும். இது பரம்பரையாக வரும் நார்கோலெப்ஸி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான மரபணுக் கோளாற்றை 1999இல் கண்டுபிடித்தார்கள். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹைப்போகிரெடின் என்ற மூளைப் பொருளை ஏற்கும் வாங்கி அந்த நாய்களில் பழுதாகியிருந்தது. மனிதர்களுக்கு வரும் நார்கோலெப்ஸியில் அதே பொருளே குறைந்துபோகிறது என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது.